நீலக் கயிறு

இல்லை, கணவர் அடிக்கவில்லை. இந்த மாவுக்கட்டைப் பார்த்ததும் பெண்கள் எல்லாரும் அதைத்தான் நினைக்கிறார்கள். நீங்களும் நினைத்தீர்கள், முகத்திலேயே தெரிந்தது. எனக்குக் கணவர் இல்லை, வேண்டுமென்று தோன்றியதும் இல்லை. கையை உடைத்தவர் என் அண்ணன். கூடப்பிறந்த அண்ணன், காசிமாயன். கழுத்தைச் சுற்றித் தெரிகிறதே ஒரு தழும்பு, அதுவும் அவர் போட்டதுதான். பதற வேண்டாம். அதற்கு முன்பே நான் அவர் மண்டையைப் பிளந்திருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் பாக்கி வைப்பதில்லை.

உட்காருங்கள். அந்தப் பையை நீங்கள் தொட வேண்டாம், நானே காலால் தள்ளிக்கொள்கிறேன். காலையில் மருத்துவமனையில் கையைப் படமெடுத்துப் பார்த்தார்கள், வரும் வழியில் கடைத்தெருவில் கொஞ்சம் சாமான் வாங்கினேன், இப்போது இந்தப் பேருந்தில் நீதிமன்றத்துக்குப் போகிறேன். அண்ணனின் ஜாமீன் மனு பிற்பகலில் விசாரணைக்கு வருகிறது. அடிபட்டவள் நான். நான் எழுந்து ஆட்சேபம் சொன்னால் அவர் சிறையிலேயே இருப்பார், வாயை மூடிக்கொண்டிருந்தால் வெளியே வந்துவிடுவார் என்று வக்கீல் சொல்கிறார். அண்ணனுக்கு ஒரு மகள் இருக்கிறாள், முகிலரசி. சின்னப் பிள்ளை. தாய் இல்லை. தாய் எப்படி இல்லாமல் போனாள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். பிள்ளை இப்போது என் வீட்டில் இருக்கிறாள். சோறு போட்டால் சாப்பிடுகிறாள், சீப்பை எடுத்தால் தலையைக் குனிந்து காட்டுகிறாள். இன்று காலை வரைக்கும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம். வேறு என்ன இருக்க முடியும்?

நான் பேசுவது உங்களுக்கு விநோதமாக இருக்கலாம். கல்லூரியில் புவியியல் கற்பித்தவள் நான். வகுப்பறைத் தமிழ் நாக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'விருமாயி வாயத் தொறந்தா ரேடியோ நியூஸ் தே' என்று ஊரில் கேலி செய்வார்கள். செய்யட்டும். விருமாயி என்ற பெயரோடுதான் பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் வாங்கினேன். மேடையில் அந்தப் பெயரை வாசித்தபோது பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவருக்கும் பதக்கம் இல்லை.

கல்லூரி நிர்வாகத்தின் முட்டாள்தனம் பொறுக்காமல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். ஊத்துக்கரடு. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மேலே மலைக்காடு, கீழே ஊர், ஊருக்குள் புகுந்து போகும் ஒரு காட்டோடை. ஆண்டின் பெரும்பகுதி அது வெறும் மணல். கோடையில் மலை எரியும், மழையில் ஓடை சீறும். நெருப்பும் நீரும் முறை வைத்து வந்து அறைந்துவிட்டுப் போகும் இடம். அடி விழும் முன்பு கையைத் தூக்கித் தடுக்கக்கூட அங்கே யாருக்கும் தெரியாது. வருவது வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒரு பேரிடர் முன்னேற்பாட்டுக் குழுவை அமைத்தேன். தலைவியாக என்னை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

தை மாதம் தீத்தடுப்புக் கோடு வெட்டினோம். மலைக்கும் ஊருக்கும் நடுவே, எரியக்கூடிய எதுவும் இல்லாத அகலமான ஒரு பட்டை. புல், புதர், உண்ணிச்செடி, பட்ட மரம், எல்லாவற்றையும் வெட்டி அகற்றிவிட்டு வெறும் மண்ணைக் காட்ட வேண்டும். மேலிருந்து இறங்கும் தீ அங்கே வந்து பட்டினியில் சாகும். ஆட்களை நான் நிழலில் உட்கார விடவில்லை. ஒருவன் அரிவாளை என் காலடியில் வீசிவிட்டு, "நீயே வெட்டிக்க தாயி" என்று போனான். வெட்டினேன். உள்ளங்கை கிழிந்து அரிவாள் பிடி வழுக்கும்வரை வெட்டினேன். மாலையில் அவனே திரும்பி வந்தான்.

வெட்டியதை எங்கே போடுவது? யோசித்துப் பாருங்கள். மேலேயே விட்டால் தீக்குத் தீனி. ஊருக்குள் கொண்டுவந்தால் பக்கத்திலேயே கூரைகள். மணல் எரியாது. ஆகவே ஓடையில் அடுக்கச் சொன்னேன். ஊருக்கு மேலே இரண்டு பாறைகள் நெருங்கி நிற்கும் ஓர் இடுக்கு உண்டு. அந்த இடுக்கில், நீல நைலான் கயிற்றால் கட்டுக் கட்டாகக் கட்டி, சுவர் எழுப்பியதுபோல அடுக்கினோம். அப்படி ஒரு நேர்த்தி. படமெடுத்து அனுப்பினேன், மேலதிகாரி ஒருவர் பாராட்டிப் பதில் போட்டார். கயிறு நானே பார்த்து வாங்கியது. வெயிலுக்கும் மழைக்கும் இற்றுப் போகாத ரகம்.

அண்ணன் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"என்னாத்தா இது? ஓடைக்கு அண கட்டிக்கிட்டு இருக்கவ?"

"அணை இல்லை. பாதுகாப்பாக அடுக்கியிருக்கிறோம்."

"ஆருக்குப் பாதுகாப்பு? தண்ணி வர்ற தடத்துல எவனாச்சும் வெறகு அடுக்குவானா? எடுத்துரு."

"தண்ணீர் ஐப்பசியில்தான் வரும். அதற்குள் எடுத்துவிடுவோம்."

"ஓகோ. ஒனக்குக் காயிதம் போட்டுட்டுத்தே வருமாக்கும்?"

"மணல் அள்ளுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று நேராகச் சொல்லுங்கள், அண்ணா. சுற்றி வளைக்க வேண்டாம்."

முகம் கறுத்துவிட்டது. அவர் ஓடையில் திருட்டு மணல் அள்ளுவது ஊருக்கே தெரியும். மணல் திருடுகிறவர் ஓடையைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தினால் நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா? டிராக்டரைத் திருப்பும்போது பின்சக்கரத்தை வேண்டுமென்றே என் மண்வெட்டி மேல் ஏற்றி நொறுக்கிவிட்டுப் போனார்.

அவர் மனைவி என் பக்கம். போதுமணி. நான்கு பெண்களுக்குப் பிறகு ஐந்தாவதாகப் பிறந்தவளுக்குப் 'போதும்' என்று பெயர் வைத்த வீடு அது. அந்த மதினிதான் எங்கள் குழுவில் சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே ஆள். நான் நெருப்பை மட்டும் பார்க்கிறவள் அல்ல. மாசியில் ஊர்ப் பாலத்துக்கு அடியில் ஓடைக்குள் ஒரு கம்பம் நட்டேன். அடியில் பச்சை, நடுவில் மஞ்சள், மேலே சிவப்பு. தண்ணீர் பச்சையில் இருக்கும்வரை பயமில்லை. மஞ்சளைத் தொட்டால் காவலுக்கு நிற்பவர் விசில் ஊத வேண்டும். ஓடைக்கரைத் தெரு முழுதும் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். காவலை மதினியிடம் கொடுத்தேன். "மஞ்சள் வரும்வரை ஊதக் கூடாது, இடத்தை விட்டு நகரவும் கூடாது. பொய்யாக ஒரு முறை ஊதினால் அடுத்த முறை ஒருவரும் நம்பமாட்டார்கள்" என்று சொன்னேன். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிரித்தாள்.

"ஒங்க கம்பு பரவால்ல டீச்சரு, பச்ச, மஞ்சன்னு சொல்லிட்டுத்தே செவக்குது. ஒங்கண்ணே எந்நேரமும் செவப்புலயே நிக்கிறாரே, அவருக்கு எதைய ஊதுறது?"

பங்குனியில் மழை இல்லை. வழக்கமாகப் பெய்யும் இரண்டு தூறல்கூட இல்லை. அப்படி வறண்டால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. 'மலைக்குச் சூடம் காட்டுவது' என்பார்கள். உரிமைக்காரக் குடும்பத்தின் மூத்த ஆண் மலையேறி, கருப்பன் பாறையில் சூடம் ஏற்றி, அதைப் பாறைக்குப் பக்கத்துப் புல்லில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிடுவார். மலை வெந்தால் மேகம் மனமிரங்குமாம். வனத்துறை கேட்டால், 'சூடந்தே காட்டுனோம், சாமி கும்புடக் கூடாதா?' என்பார்கள். அந்த உரிமைக்காரக் குடும்பம் எங்களுடையது. மூத்த ஆண் காசிமாயன்.

அவர் மலையிலிருந்து இறங்கி வந்தபோது நான் தீத்தடுப்புக் கோட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவர் கையெல்லாம் சூட வாசனை. அவருக்குப் பின்னால் மலையில் புகை எழுந்துவிட்டது.

"என்ன செய்துவிட்டு வருகிறீர்கள்?"

"என்னா செஞ்சேன்? எங்கப்பன் செஞ்சதச் செஞ்சேன். மழ வேணுமா வேணாமா?"

"ஊர் எரிந்துவிட்டால் மழையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?"

"அதுக்குத்தே நீ கோடு கிழிச்சு வச்சிருக்கயே! கிழிச்ச கோட்ட நீயே நம்பலயாக்கும்?"

புது மண்வெட்டியின் காம்பால் அடித்தேன். தலையில். இரும்பால் அடிக்கவில்லை, காம்பால்தான். காது மடல் பிய்ந்து தொங்கியது, வெள்ளைச் சட்டை முழுதும் இரத்தம். அவர் தள்ளாடி உட்கார்ந்து, காதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "கொழுப்புடி ஒனக்கு" என்றார். திருப்பி அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். நேரமில்லை, தீ இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தீயை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் மூங்கில் வெடித்துக்கொண்டே இருந்தது. பச்சைக் கிளைகளை வைத்து, பறந்து விழும் பொறிகளை அடித்தோம். முகத்துத் தோல் இறுகியது, புருவம் பொசுங்கியது. தீப்பிடித்த முயல் ஒன்று கோட்டைத் தாண்டி ஊர்ப்பக்கம் ஓடிவந்தது. அது போய் நுழையும் புதரெல்லாம் எரியும். விரட்டிப்போய் மண்வெட்டியால் அடித்துக் கொன்றேன். ஒரே அடியில் சாகவில்லை. என்னோடு நின்ற ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணனும் காதைத் துணியால் கட்டிக்கொண்டு வந்து எங்களோடு நின்று தீயை அடித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் நியாயமானவள்.

கோடு நின்றது. மலை முழுதும் வெந்தது, ஊருக்குள் ஒரு கூரைகூடக் கருகவில்லை. அதற்காக யாராவது எனக்கு ஒரு நன்றி சொன்னார்களா? மதினி மட்டும் வந்து என் புருவத்தில் வெண்ணெய் தடவிவிட்டாள். "வரஞ்சு விட்டாப்புல இருந்துச்சு டீச்சரு. இப்ப முட்டக்கண்ணு மட்டுந்தே மிச்சம்" என்றாள்.

சித்திரையில் மழை வந்தது. கோடை மழை. பிற்பகலில் மலை திடீரென்று காணாமல் போனது. அவ்வளவு கறுப்பு. இடி நிற்கவே இல்லை. நான் பள்ளிக்கூட மேட்டில் நின்றேன். மதினி தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கம்பத்துக்குப் பக்கத்தில், கரையோரம் நின்றாள். ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். மலையில் அப்படிக் கொட்டுகிறது, கம்பத்தில் பச்சை அப்படியே தெரிகிறது. ஓடைக்கரைத் தெருவில் சிலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். "பதறாதீர்கள், பச்சைதான்! உள்ளே போங்கள்!" என்று நான் ஒலிபெருக்கியில் சொன்னேன். காய்ந்த மண் நீரைக் குடிக்கிறது என்று விளக்கமும் சொன்னேன். அந்த நேரத்திலும் ஒரு விளக்கம் சொல்ல என்னால் முடிந்தது.

அப்போதுதான் அண்ணன் தெருவுக்குள் புகுந்தார். குடித்திருந்தார் என்று நினைத்தேன். கதவுகளைக் காலால் உதைத்தார். ஒருவனைக் கன்னத்தில் அறைந்தார். வர மறுத்த ஒரு பெண்ணைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார். நடக்க முடியாத பெரியவர் ஒருவரைத் தோளில் போட்டு வந்து என் காலடியில் இறக்கினார். இறக்கினார் என்பது மரியாதைக்குச் சொல்கிறேன், எறிந்தார். தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தார்.

"மழ கொட்டுது, ஓட சத்தங் காட்டல! கேக்குதாடா? ஓட சத்தங் காட்டலடா! ஏறுங்கடா மேல!"

நான் ஏற்படுத்திய ஒழுங்கு முழுவதையும் அவர் ஒருவராகக் குலைத்தார். விசில் இல்லை, மஞ்சள் இல்லை, ஆனால் தெருவே அலறிக்கொண்டு மேட்டில் ஏறுகிறது. அடுத்து ஓடைக்கு ஓடினார். "ஏ போதுமணி! வாடி மேல!" மதினி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பொறுப்பான பெண், அதனால்தான் என்னைப் பார்த்தாள். நான் கையை உயர்த்தி நிறுத்திக் காட்டினேன். நில், இன்னும் பச்சைதான். அவள் நின்றாள்.

தண்ணீர் வருவதுபோல அது வரவில்லை. வேலியொன்று பிடுங்கிக்கொண்டு நடந்து வருவதுபோல வந்தது. முன்னால் முள்ளும் மரமும், பின்னால் கறுப்புச் சேறு. ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். விசில் ஒரு முறை கேட்டது. ஒரே முறை. கடைசிவரை கடமையைச் செய்தாள். கம்பம் மஞ்சளைக் காட்டவே இல்லை. பச்சையாக இருந்தது, பிறகு கம்பமே இல்லை. பாலமும் இல்லை. ஓடைக்கரைத் தெருவில் வரிசையாக இருந்த வீடுகள் தீப்பெட்டி மிதிபடுவதுபோல நசுங்கின. தெருவில் ஒருவர்கூடச் சாகவில்லை. எங்கள் குழுவின் முன்னேற்பாட்டுக்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். அறிக்கையிலும் அப்படித்தான் எழுதினேன்.

வெள்ளம் வடிந்ததும் ஓடையின் கீழ்த்திருப்பத்தில் மதினி கிடைத்தாள். மரங்கள் மலைபோலக் குவிந்து கிடந்தன, அந்தக் குவியலுக்குள் இருந்தாள். இடுப்பிலும் கையிலும் நீலக் கயிறு இறுக்கிச் சுற்றியிருந்தது. இழுத்தால் வரவில்லை. அண்ணன் அரிவாளால் கயிற்றை அறுத்து அவளை எடுத்துக் கரையில் போட்டார். முகத்துச் சேற்றைத் தன் துண்டால் துடைத்தார். அறுத்த கயிற்றைக் கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னை நோக்கி நடந்து வந்தார்.

அந்தக் கயிறு அங்கே எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். ஊரில் பாதிப் பேர் ஆடு மாடு கட்ட அதைத் திருடிக்கொண்டு போயிருந்தார்கள். திருட்டு ஊர் அது.

ஒரு கட்டையை எடுத்து அடித்தார். தடுக்கக் கையைத் தூக்கினேன், எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தேன். கயிற்றை என் கழுத்தில் மாட்டி இறுக்கி, மாட்டை இழுப்பதுபோலக் குவியல்வரை இழுத்துப் போனார். தலைமுடியைப் பிடித்து முகத்தை அந்த மரங்களில் வைத்துத் தேய்த்தார். "பாரு! என்னா வெறகுன்னு பாரு! நல்லாப் பாருடி!" பார்த்தேன். சேறும் சாம்பலும். அவர் கொளுத்திய மலையின் சாம்பல். நான் வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார்? கண் இருண்டுகொண்டு வந்தது. கொன்றிருப்பார்.

அப்போது முகிலரசி எங்கிருந்தோ ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அத்தய விடுப்பா! அத்தய விடுப்பா!" அவர் பிள்ளையைப் பார்த்தார், கரையில் கிடந்தவளைப் பார்த்தார், மறுபடி பிள்ளையைப் பார்த்தார். கயிறு தளர்ந்தது. அதை என் கழுத்திலிருந்து எடுத்து, சுருட்டி, ஓடிக்கொண்டிருந்த தண்ணீரில் தூர எறிந்தார். குவியலில் ஆங்காங்கே நீலமாகத் தெரிந்ததையும் அரிவாளால் அறுத்து அறுத்து எறிந்தார். போலீஸ் ஜீப் வரும்வரை வெறி பிடித்தவர்போல அதையே செய்தார். எதைக் கொண்டு கழுத்தை இறுக்கினாய் என்று கேட்டதற்கு, "வேட்டியால" என்றார். இவ்வளவு மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "மலைல இருந்துதே. நாந்தே மலைக்குத் தீ வச்சேன். வேற ஆருக்கும் சம்பந்தமில்ல, எழுதிக்கங்க" என்றார். வேடிக்கையைப் பாருங்கள், சூடம் என்றுகூடச் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறும்போது பிள்ளை பின்னால் ஓடினாள். "அத்தகூடப் போ" என்று தள்ளிவிட்டார். பெற்ற பிள்ளையைக்கூட வேண்டாமென்று தள்ளிய மனிதர்.

இன்று காலை நான் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள். இத்தனை நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள். "அப்பாவக் கூட்டியாறயா அத்தை?" நான் பொய் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. "இல்லை" என்றேன். உள்ளே போய்விட்டாள்.

நீதிபதியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப் போகிறேன். இவர் மனதில் குற்றம் இல்லையென்றால் கயிற்றை எதற்காகத் தண்ணீரில் எறிந்தார்? சாட்சியத்தை அழித்தவர் இவர். இவரை வெளியே விட்டால் அடுத்த பங்குனியில் மறுபடி மலையேறுவார். விடக் கூடாது. இதைத்தான் சொல்லப் போகிறேன்.

என்ன கேட்டீர்கள்? இந்த ஹாரன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

இடுக்கில் அடுக்கினோமே, அந்தக் கட்டுகளா? அவை என்னவாயின என்றா?

போய்விட்டன. ஒரு கட்டுகூட மிஞ்சவில்லை. அதைத்தானே இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டு வருகிறேன்? அவர் வைத்த தீயால் வந்த வெள்ளம் நான் தை மாதம் முழுதும் பாடுபட்டுச் செய்ததையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. பரவாயில்லை, நான் சோர்ந்து உட்காருகிறவள் இல்லை. மலையில் கரிந்துபோன மரங்கள் நிறைய நிற்கின்றன. அவற்றை ஐப்பசிக்கு முன்பே வெட்டி இறக்கிவிடுவேன். இடம் தேட வேண்டியதில்லை, இடுக்கு காலியாகத்தான் இருக்கிறது.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உங்கள் நிறுத்தம் இன்னும் வரவில்லையே. இது நீதிமன்ற நிறுத்தம், நான்தான் இறங்க வேண்டும். எழுந்ததுதான் எழுந்தீர்கள், ஓர் உதவி செய்யுங்கள்; ஒற்றைக் கையால் தூக்க வரவில்லை. அந்தப் பையை எடுத்து இந்தத் தோளில் மாட்டிவிடுங்கள். மெதுவாக. கயிறுதான், ஆனால் கனக்கும். இந்த முறை தடிமனாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன். போன முறை வாங்கியது அரிவாள் பட்டதும் அறுந்துவிட்டது.